கப்பல் காசுக்கு வச்ச பொட்டு

எனக்குக் கோவம் வந்தா கை நடுங்கும். அட்டைப்பெட்டி செய்யிறவளுக்கு அது ஆகாது. கத்தி ஒரு நூல் விலகினாலும் மூடி உக்காராது. அதனால கோவத்தையெல்லாம் வாயில வச்சுக்கிட்டு, கையை மட்டும் தனியாப் பழக்கி வச்சிருக்கேன். சிவகாசியில நான் வேலை பார்க்கிற அச்சாபீசுல எம் பேச்சுக்குப் பயப்படுறவுக நிறைய உண்டு. எங் கைவேலையைக் குறை சொன்னவுக யாரும் இல்ல. இதை நானே சொல்லிக்கிறது பீத்தல்தான். ஆனா இதைச் சொன்னாத்தான், பின்னால நான் பண்ணுன கூத்து எம்புட்டுப் பெரிசுன்னு விளங்கும்.

எங்க ஆபீசுல பட்டாசு லேபிள், காலண்டர், கிஃப்ட் பாக்ஸ் எல்லாம் அடிப்போம். புது ஆர்டர் எது வந்தாலும் மொதப் பெட்டியை ஆள் கையாலதான் செய்யணும். அதுக்குப் பேரு சாம்பிள். அது சரியா இருந்தாத்தான் மிசினுக்குப் போகும். அந்தச் சாம்பிள் செய்யிறவ நான். ஆமத்தூர்லருந்து காலைல பஸ் ஏறி வந்து, சாயங்காலம் கையெல்லாம் காஞ்ச பசையோட திரும்பிப் போவேன். எங்க வீட்டுக்காரர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்கு வேன்ல போறாரு. அவரு வேலை அலுமினியப் பவுடரோட. எம்புட்டுத் தேச்சுக் குளிச்சாலும் காது மடிப்புல, புருவத்துல மினுமினுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும். எங்க வீட்டு வெள்ளிச் சாமான் வந்திருச்சுன்னு நான் கேலி பண்ணுவேன்.

தீபாவளி சீசன் தலைக்கு மேல நின்ன நேரம். ஆயுத பூசைக்கு இன்னும் ஒரு வாரந்தான் இருந்துச்சு. ஒருநாள் காலைல, வெள்ளைச் சேலை கட்டுன ஒரு அம்மா விருதுநகர்லருந்து ஆட்டோல வந்து எறங்குனாக. அறுபது தாண்டியிருக்கும். நடை மட்டும் சின்னப் புள்ள மாதிரி விறுவிறுன்னு இருந்துச்சு. வெளிநாட்டு ஆஸ்பத்திரில முப்பது வருசம் நர்ஸா இருந்துட்டு வந்தவுகன்னு மொதலாளி சொன்னாரு. கல்யாணம் பண்ணிக்கிடல. சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவுல தனி வீடு. அவுகளுக்கு ஒரே ஒரு பெட்டி வேணுமாம்.

“ஒத்தப் பெட்டிக்கு சீசன் நேரத்துல ஒரு ஆளை உக்கார வைக்கிறதா?”ன்னு நான் மொதலாளிகிட்ட அவுக காதுல விழவே கேட்டேன்.

“பொருளைப் பார்த்துட்டுப் பேசும்மா”ன்னு சொன்னாக நர்ஸம்மா.

தோள்ல தொங்குன பையிலருந்து துண்டு சுத்துன ஒரு பொட்டலத்தை எடுத்து, எம் மேசை மேல வச்சாக. வச்ச சத்தமே வேற மாதிரி இருந்துச்சு. மேசை அதை வாங்கிக்கிட்ட சத்தம். துண்டைப் பிரிச்சா, கண்ணாடி மாதிரி ஒரு வட்ட பிளாஸ்டிக் டப்பி. உள்ள வெள்ளியில ஒரு காசு.

காசுன்னு நான் சொல்றேன். அவுகளும் அப்படித்தான் சொன்னாக. ஆனா அதைப் பார்த்தா காசுங்கிற வார்த்தை வாயில வராது. பெரிய இட்லி அகலம். கட்டைவிரல் தடிப்பு. ஒரு கிலோ எடை. ஒரு பக்கம் பாய்மரக் கப்பல். அந்தக் கப்பல் மட்டும் பனி பெஞ்ச மாதிரி வெள்ளை வெளேர்னு எழுந்து நின்னுச்சு. சுத்தி இருந்த வானமும் கடலும் முழுசுக்கும் கண்ணாடி. கயிறு ஒவ்வொண்ணும் தெரியுது. பாய்ல தையல் தெரியுது. மேல் தட்டுல ஒரு ஆளு நிக்கான், எறும்பு அளவு கூட இல்ல, அவனுக்குத் தொப்பி இருக்கு. நான் குனிஞ்சேன். கப்பலுக்கு மேல இருந்த வானத்துல எங்க ஆபீசு ஃபேன் சுத்துனது தெரிஞ்சுச்சு. ஃபேனுக்குக் கீழ எம் மூஞ்சி.

எனக்குப் பேச்சு வரல. எனக்குப் பேச்சு வரலங்கிறது எங்க செக்சன்ல ஒரு செய்தி. பக்கத்து மேசைப் பிள்ளைக எழுந்து வந்து பார்த்துச்சுக.

“இதைக் கடையில குடுத்தா சாமான் வாங்கலாமாம்மா?”ன்னு ஒருத்தி கேட்டா.

“வாங்கலாம். அந்த நாட்டுச் சட்டப்படி செல்லும். ஆனா யாரும் குடுக்க மாட்டாக. இது சேகரிக்கிறவுகளுக்குன்னே அடிக்கிறது”ன்னாக நர்ஸம்மா. அவுக வேலை பார்த்த ஊர்ல பெரிய துறைமுகம் உண்டாம். அதுக்கு ஏதோ விழா. அதுக்காக அடிச்ச காசாம். அந்த வருசந்தான் அவுகளும் வேலையிலருந்து நின்னுருக்காக. கூட வேலை பார்த்தவுக எல்லாரும் நகை வாங்குவாகளாம். இவுக வருசத்துக்கு ஒரு பெரிய வெள்ளிக் காசு. கடைசியா வாங்குனது, எல்லாத்துலயும் பெரிசு, இதுதான்.

“இத்தனை வருசத்துல இது மேல ஒரு விரல் பட்டது இல்ல”ன்னு சொன்னாக. அப்புறம் எங் கையைப் பார்த்தாக. பசை காஞ்சு தோல் உரிஞ்ச கை. “உன் கையும் படக்கூடாதும்மா. டப்பியைத் தொறக்க வேண்டி வந்தா இந்த உறையைப் போட்டுக்கோ”ன்னு ஒரு ஜோடி வெள்ளைப் பருத்தி உறையை நீட்டுனாக.

எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்கம்மா கூலிக்குப் போன காலத்துல, கிணத்தடியிலயும் களத்துலயும் இந்த வார்த்தையைக் கேட்டுட்டு வந்து எங்ககிட்ட சொல்லிருக்கா. தொடாத, கை படக்கூடாது, தள்ளி நில்லு. அதுக்குப் பயந்துதான் அவ காட்டு வேலையை விட்டுட்டு தீப்பெட்டி ஒட்டப் போனா. நான் அச்சாபீசுக்கு வந்தேன். இங்கயும் வந்து ஒருத்தி அதையே சொல்றாளேன்னு எரிச்சலா இருந்துச்சு.

அடுத்து அவுக கேட்டதுதான் இன்னும் மோசம். “உங்க வீட்ல யாரும் பட்டாசு கம்பெனிக்குப் போறாகளா?”

“போறாக. அதுக்கு என்ன இப்ப?”

“கந்தகம் ஆகாதும்மா. கந்தகக் காத்துப் பட்டாலே வெள்ளி கறுத்துரும். அவுக துணிமணி பட்ட பை எதுவும் இதுக்குப் பக்கத்துல வேண்டாம்.”

வீட்டையும் தொழிலையும் விசாரிச்சுட்டு அப்புறம் தண்ணி குடிக்கிறவுக மாதிரி இருக்குன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மொதலாளி கண்ணாலயே கும்பிட்டாரு. விழுங்கிட்டேன்.

பெட்டி எதுக்குன்னு அப்புறந்தான் சொன்னாக. அடுத்த மாசம் மதுரைல நாணயக் கண்காட்சி. சேகரிக்கிறவுக எங்கெங்கருந்தோ வருவாக. அதுல நடு மேசை ஒண்ணு உண்டாம். பழுதே இல்லாத பொருளுக்குத்தான் அந்த மேசை. பூதக்கண்ணாடியை வச்சுப் பார்ப்பாகளாம். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் வெளிய தள்ளிருவாக. இந்தக் கப்பலோட படத்தை அனுப்பிக் கேட்டு, நடு மேசைல எடம் குடுத்துருக்காக. “எனக்குப் புள்ளையா குட்டியா, காட்டிப் பெருமைப்பட. இது ஒண்ணுதான். ஒரே ஒரு தடவை நாலு பேர் முன்னால வச்சுப் பார்க்கணும்”ன்னாக. அவுக அதைச் சொன்ன விதத்துல என் எரிச்சல் பாதி எறங்கிருச்சு. மீதிப் பாதியை வச்சுக்கிட்டுத்தான் அந்தப் பெட்டியை ஆரம்பிச்சேன்.

ஒரு கிலோ எடையைத் தாங்கணும், எடுத்தா ஆடக் கூடாது. அதனால காசை ஆபீசுலயே விட்டுட்டுப் போனாக. மொதலாளி அறை பீரோல வச்சுப் பூட்டு. அளவு பார்க்க நான் கேக்குறப்ப எடுத்துக் குடுப்பாரு.

அந்த வாரம் பூராவும் நான் இருந்த இருப்பை நினைச்சா எனக்கே சிரிப்பா வருது. காலைல வந்ததும் மூணு தடவை கை கழுவுவேன். வீட்டுப் பையை வாட்ச்மேன் ரூம்லயே விட்டுருவேன். வீட்டுக்காரர் சட்டையோட என் சேலையைச் சேத்துத் துவைக்கிறதைக் கூட நிப்பாட்டிட்டேன். “ஒரு கிலோ வெள்ளிக்கா இம்புட்டு அலட்டல்? நான் தெனம் அதுக்கு மேல பூசிக்கிட்டுல வாரேன்”ன்னாரு அவரு. “நீங்க எட்டத்துல நின்னே பேசுங்க, எனக்குக் கந்தகம் ஆகாது”ன்னேன். அன்னைக்கு ரெண்டு பேரும் சோறு ஆறுற வரைக்கும் சிரிச்சோம்.

சிரிப்பு ஒரு பக்கம். அந்தக் காசைப் பார்க்குறப்பெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். அதை எப்படிச் சொல்றதுன்னு இன்னைக்கும் தெரியல. நாங்க அடிக்கிற லேபிள்ல வெள்ளி மை போடுறோம், மினுக்குத் தாள் ஒட்டுறோம். எல்லாம் தீபாவளியோட வெடிச்சுக் குப்பையாப் போறது. இது அப்படி இல்ல. யாரோ ஒருத்தன் அந்த எறும்பு ஆளுக்குத் தொப்பி வச்சிருக்கான். பூதக்கண்ணாடி இல்லாம யாரும் பார்க்க மாட்டாகன்னு தெரிஞ்சும் வச்சிருக்கான். நானும் பெட்டிக்குள்ள மூலையில, ஒருத்தரும் பார்க்காத எடத்துல, வெல்வெட்டை மடிச்சு ஒட்டுறவதான். அந்த ஆளைப் பார்த்ததில்ல, எந்த நாடுன்னும் எனக்குச் சரியாத் தெரியல. ஆனா அந்தத் தொப்பியைப் பார்த்த நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கவே மனசு வரல.

பெட்டி நல்லா வந்துச்சு. கெட்டி அட்டைல மூணடுக்கு. வெளிய கருநீலத் துணி, உள்ள அதே நீலத்துல வெல்வெட். காசை டப்பியோட குழியில வச்சு மூடுனா, உள்ளருந்த காத்து மெதுவா வெளியேறி மூடி தானா எறங்கும். அப்படி எறங்க வைக்க நாலு மூடி வெட்டிக் கழிச்சேன். மொதலாளி மூணு தடவை மூடி மூடிப் பார்த்தாரு.

மறுநாள் ஆயுத பூசை.

எங்க ஊர்ல அச்சாபீசுகளுக்கு அதை விடப் பெரிய நாள் கிடையாது. மிசினைத் தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, வாசல்ல வாழை கட்டி, பொரிகடலை, சுண்டல்னு ஆபீசே வேற முகமா ஆயிரும். எங்க செக்சனுக்குப் பொட்டு வைக்கிறது எப்பவும் நான்தான். கத்தி, கத்திரி, ஸ்கேல், பசை தடவுற பிரஷ், எல்லாத்துக்கும் வச்சேன். அந்த வருசம் செஞ்சதுல எது நல்ல பெட்டியோ அதையும் சாமிகிட்ட வைக்கிறது வழக்கம். நான் நீலப் பெட்டியைக் கேட்டேன். “நல்ல காரியந்தான், வையி”ன்னு மொதலாளி பீரோவைத் தொறந்து குடுத்தாரு. அப்புறம் மத்த மிசின் பூசைக்குப் போயிட்டாரு.

பெட்டியைத் தொறந்து வச்சேன். பெட்டி மூடிக்குப் பொட்டு வச்சேன். உள்ள கப்பல் இருந்துச்சு. கத்திரிக்குப் பொட்டு, பசை பிரஷ்ஷுக்குப் பொட்டு, இம்புட்டுப் பெரிய வெள்ளிக்கு ஒண்ணும் இல்லையான்னு பட்டுச்சு. அந்த அறையிலயே கும்பிடத் தோணுன பொருள் அதுதான். அதை மட்டும் மூளியா வச்சா சாமிக்கே பொறுக்காதுன்னு நினைச்சேன்.

உறையைப் போட்டுக்கிட்டு, டப்பியைத் தொறந்து, காசை வெளிய எடுத்து, வெத்திலை மேல வச்சேன். அது வரைக்கும் ஒழுங்குதான். ஆனா பொட்டு மோதிர விரல்லதான் வைக்கணும். உறை போட்ட விரல்ல யாராச்சும் பொட்டு வைப்பாகளா? கழட்டுனேன். கை படக்கூடாதுன்னு அவுக சொன்னது மறந்து போச்சுன்னு சொன்னா அது பொய். ஞாபகம் இருந்துச்சு. பொட்டு வைக்கிறது கை படுறதுலயே எனக்குச் சேத்தி இல்ல. எங்க வழக்கத்துல அதுக்கு மேல மரியாதை இல்ல. கப்பலுக்கு மேல, ஃபேன் தெரிஞ்ச அந்த வானத்துல, சந்தனத்தைக் குழைச்சு வச்சு, நடுவுல குங்குமம் வச்சேன். சூடம் காட்டுனப்ப அந்த வெளிச்சம் வெள்ளி பூராவும் ஓடுச்சு. பிள்ளைக எல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டுச்சுக. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

சாமிகிட்ட வச்சதை மறுநாள் மறுபூசை முடிச்சுத்தான் எடுக்கணும். அறையைச் சாத்திட்டு எல்லாரும் பொரிகடலைப் பொட்டலத்தோட வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலைல மறுபூசை முடிஞ்சதும் மொத ஆளா நான்தான் போனேன். உறை போட்ட கையால, காஞ்ச சந்தனத்தை மெதுவாத் தட்டுனேன். பொடியா உதிர்ந்துச்சு. அதுக்குக் கீழ பழுப்பா ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள கோடு கோடா எம் மோதிர விரல் ரேகை. அம்புட்டு அழகான வானத்துல, யாரோ முத்திரை குத்துன மாதிரி.

அங்கனயே நிறுத்தியிருக்கலாம். மொதலாளியைக் கூப்பிட்டிருக்கலாம். நான் என்ன பண்ணுனேன்னா, எங்க பக்கத்துப் பொம்பளைக யாரா இருந்தாலும் பண்ணுறதைப் பண்ணுனேன். வெள்ளி விளக்கு கறுத்தா என்ன போட்டுத் தேய்ப்போம்? திருநீறு. அது தட்டுலயே இருந்துச்சு. ரெண்டு சிட்டிகை எடுத்து, துணியில தொட்டு, வட்டத்து மேல தேச்சேன். பழுப்பு மங்குச்சு. சந்தோசம் வந்துருச்சு. இன்னும் நல்லாத் தேச்சேன். வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி, வட்டம் வட்டமா, அழுத்தி.

ஊதிட்டுப் பார்த்தேன். பழுப்பு போயிருச்சு. வானமும் போயிருச்சு. கப்பலுக்கு மேல ரெண்டு விரல் அகலத்துக்கு மூட்டம் போட்டுக் கெடந்துச்சு. வெளிச்சத்துல சாய்ச்சா ஆயிரம் கீறல். ஃபேன் தெரியல. எம் மூஞ்சியும் தெரியல.

அதுக்கப்புறம் செல்லை எடுத்து, வெள்ளி நாணயம் சுத்தம் பண்ணுறது எப்படின்னு கேட்டேன். ஒருத்தர் வீடியோவுல வந்து, வணக்கம் சொன்ன கையோட சொன்ன மொத வார்த்தை, “துடைக்காதீங்க.” செல்லைத் தூக்கி அட்டைக் குவியல்ல வீசுனேன். கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. இந்தத் தடவை கோவம் எம் மேலதான்.

மொதலாளி வந்து பார்த்தாரு. நாற்காலில உக்காந்து, “நம்ம ஊர்ல மேகத்தைப் பார்த்தே எம்புட்டு நாளாச்சு. நீ கொண்டாந்துட்ட”ன்னாரு. அவருக்குப் பதட்டம் வந்தா இப்படித்தான் ஏதாச்சும் பேசுவாரு. எனக்குச் சிரிப்பு வரல. அவருக்கும் வரல.

“மத்தியானம் அந்தம்மா வாராக. கப்பலைக் கீழ போட்டு, மறுபக்கத்தை மேல வச்சிரு. இங்கன தொறந்து திருப்பிப் பார்க்க மாட்டாக. மதுரைக்குப் போற வழில என்னமோ ஆச்சுன்னு இருக்கட்டும்.”

“நல்லா இருக்கு நியாயம்”ன்னேன். ஆனா வச்சேன். அதைத்தான் சொல்ல வாரேன். வாய் நியாயம் பேசுச்சு, கை திருப்பி வச்சிருச்சு. வேலை போயிரும்னு பயம் இருந்துச்சு. அதை விட, அந்தம்மா மூஞ்சியைப் பார்க்கப் பயம். காசைக் கவுத்து டப்பிக்குள்ள வச்சு, குழியில எறக்கி, மூடியை விட்டேன். நாலு மூடி கழிச்சுச் செஞ்ச மூடி, அது பாட்டுக்கு மெதுவா எறங்கி மூடிக்கிச்சு.

நர்ஸம்மா வந்தாக. பெட்டியைப் பார்த்ததும் கையைக் கன்னத்துல வச்சுக்கிட்டாக. தொறந்து மூடி, தொறந்து மூடி, மூடி எறங்குறதைச் சின்னப் புள்ள மாதிரிப் பார்த்துக்கிட்டே இருந்தாக. காசு கவுந்து கெடக்கிறதைக் கண்டும் ஒண்ணும் கேக்கல. கேக்கத் தோணல போல. எம் மேல அம்புட்டு நம்பிக்கை.

“அன்னைக்கு நான் கேட்டது உனக்குக் கோவம்னு தெரியும்மா. தப்பா நினைச்சுக்காத”ன்னாக. அப்புறம் எங் கையைப் பார்த்து, “சுத்தமான கை உனக்கு”ன்னாக.

அந்த வார்த்தையை மட்டும் அவுக சொல்லாம இருந்திருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னு எனக்கே தெரியாது. விட்டிருப்பேனோ என்னவோ.

“அம்மா, அதைத் திருப்பிப் பாருங்க”ன்னேன். மொதலாளி கண்ணை மூடிக்கிட்டாரு.

பையிலருந்து அவுக உறையை எடுத்து ரெண்டு கையிலயும் போட்டாக. டப்பியைத் தொறந்து, காசை ஓரத்துல பிடிச்சுத் திருப்பி, ஜன்னல் பக்கம் சாய்ச்சாக. நான் எல்லாத்தையும் சொன்னேன். வெத்திலை, சந்தனம், மோதிர விரல், திருநீறு, திருப்பி வச்சது. ஒண்ணையும் விடல.

“பொட்டோட விட்டிருந்தா, தெரிஞ்சவுககிட்டக் குடுத்து எடுத்திருக்கலாம்”னு சொன்னாக. “தேச்சது போகாதும்மா. இது இனி இப்படித்தான்.”

“தெரியும்மா. பெறகுதான் செல்லுல பார்த்தேன்.”

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. கை படக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்.” இப்பக் கோவம் வந்துருச்சு அவுகளுக்கு. “எதுக்குப் பொட்டு வச்ச? யாரு கேட்டா உன்னை?”

“யாரும் கேக்கலம்மா. பார்த்ததும் கும்பிடத் தோணுச்சு. வச்சுட்டேன்.”

அவுக என்னைப் பார்த்தாக. திட்ட வாயெடுத்தவுக திட்டல. ஸ்டூல்ல உக்காந்துட்டாக. காசு மடியில கெடந்துச்சு. மொதலாளி ஈடு அது இதுன்னு ஏதோ சொல்லப் போனாரு, கையால நிறுத்திட்டாக. “மதுரைக்கு இது போகாது”ன்னு மட்டும் சொன்னாக. யாருகிட்டன்னு இல்லாம. கண்ணுலருந்து தண்ணி எறங்குச்சு, தொடைக்கல. நான் அவுக காலடியில தரையில உக்காந்துட்டேன். மன்னிச்சிருங்கன்னு சொல்லக் கூட எனக்கு யோக்கியதை இருந்த மாதிரித் தெரியல. ஆனா சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்.

தண்ணி கேட்டாக. குடிச்சாக. அப்புறம் வலது கை உறையை விரல் விரலா இழுத்துக் கழட்டுனாக. ஆஸ்பத்திரில கழட்டிப் பழகுன கை, எம்புட்டு நேர்த்தியாக் கழட்டுனாக. உள்ள இருந்த கை வெளுத்து, சுருக்கம் விழுந்து, ஒரு மோதிரம் கூட இல்லாம இருந்துச்சு. அந்தக் கையோட ஒத்த விரலைக் கப்பல் மேல வச்சாக.

“சில்லுன்னு இருக்கு”ன்னாக.

அவுக மூஞ்சி மாறுனதை நான் பார்த்தேன். பாய்ல தடவுனாக, கயித்துல தடவுனாக. அந்த எறும்பு ஆளு மேல விரல் நுனியை வச்சு, அப்படியே நிறுத்துனாக. “இவன் இம்புட்டு மேடா இருக்கான் பாரேன். எனக்குத் தெரியவே தெரியாது”ன்னாக. அப்புறம் உள்ளங்கை முழுசையும் வச்சு அழுத்துனாக, காய்ச்சக்காரப் பிள்ளை நெத்தியில வைக்கிற மாதிரி.

அப்பத்தான் எனக்கு மண்டைல உறைச்சுச்சு. கை படக்கூடாதுன்னு அவுக சொன்னது என்னை மட்டும் இல்ல. இத்தனை வருசமா அவுகளும் அதைத் தொட்டதே இல்ல. நான் எங்கம்மா கேட்ட வார்த்தையை நினைச்சுக் குமுறிக்கிட்டு இருந்தேன், இவுக தனக்கே அந்த வார்த்தையைச் சொல்லிக்கிட்டு இருந்திருக்காக.

“இந்தா பிடி”ன்னு எங்கிட்ட நீட்டுனாக. உறைக்காக மேசையைப் பார்த்தேன். “உறை வேண்டாம், சும்மா பிடி.”

ரெண்டு கையையும் சேத்து ஏந்துனேன். பசை காஞ்ச கை மேல அம்புட்டு வெள்ளியும் எறங்குச்சு. ஒரு வாரமா அது எம் மேசைக்கு வந்து வந்து போயிருக்கு, அதோட எடை எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் தெரிஞ்சிருக்கல. தோள் வரைக்கும் அந்தக் குளிர்ச்சி ஏறுச்சு. எங் கை நடுங்கல.

திருப்பி அவுக கையில குடுக்கிறப்பத்தான் பார்த்தேன். மூட்டத்துக்குப் பக்கத்துல, மிச்சமிருந்த அந்தக் கண்ணாடிக் கடல்ல, நர்ஸம்மா கை ரேகை பளிச்சுன்னு விழுந்திருந்துச்சு. அஞ்சு விரலும். நான் பதறிப் போய் மேசைல கெடந்த துணியைத் தேடுனேன்.

“துடைக்காத”ன்னாக.